பதினாலாம் கட்டம்

அலுவலகத்தில் அவளைக் காரணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். மாநிலம் முழுக்கச் சாலையில் அடிபட்டுச் செத்தவர் ஒவ்வொருவருக்கும் காவல் நிலையத்திலிருந்து ஒரு படிவம் வரும். அதில் இருபத்தாறு கட்டங்கள். தேதி, நேரம், தெரு, வண்டி, மழையா வெயிலா, செத்தவர் ஆணா பெண்ணா, எல்லாம் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. பதினாலாம் கட்டத்துக்குத் தலைப்பு ‘காரணம்’. அந்தக் காரணத்தை எண்ணாக மாற்றிக் கணினியில் ஏற்றுவதுதான் பத்தொன்பது வருஷமாக அவளுடைய பிழைப்பு.

ஒன்று என்றால் அதிவேகம். இரண்டு குடிபோதை. மூன்று தப்பாக முந்துதல். ஒன்பது வெளிச்சக் குறைவு, பதினொன்று சாலைக் குழி. இப்படியே இருபத்திரண்டு வரைக்கும் போய், அங்கிருந்து ஒரே தாவலாகத் தொண்ணூற்றொன்பதில் குதிக்கும். தொண்ணூற்றொன்பது என்றால் ‘தெரியவில்லை’. மனுஷன் தெரியவில்லை என்று சொல்வதற்கு எவ்வளவு யோசிக்கிறான் என்பது அந்தத் தாவலைப் பார்த்தாலே விளங்கும்.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பதினாலாம் கட்டத்துக்கு வந்ததும் கர்சர் தானாகப் போய் ஒன்றின்மேல் நிற்கும், என்டரைத் தட்டினால் அதுவே பதிவாகும். எந்தப் புண்ணியவான் அப்படிச் செய்துவைத்தானோ, யாருக்கும் தெரியாது. கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி நகராது, மாடு மாதிரி நிற்கும். தொண்ணூற்றொன்பது போடலாம். ஆனால் போட்டால் ஏன் தெரியவில்லை என்று ஐந்து வரி எழுதி, சூப்பிரண்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாள் ஒன்றுக்கு நாற்பது படிவம் முடித்தாக வேண்டும். காவல் நிலையத்துக்காரர்களோ பாதிப் படிவங்களில் அந்தக் கட்டத்தின் பக்கமே பேனாவைக் கொண்டு போயிருக்க மாட்டார்கள். அதனால் அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் போகிறபோது சொல்லிவிட்டுப் போனது ஒரே ஒரு விஷயம்தான்.

“காலியா இருந்தா என்டரைத் தட்டிட்டுப் போயிட்டே இரும்மா.”

அவளும் தட்டினாள். பத்தொன்பது வருஷம் தட்டினாள். அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் அவளைப் பொறுத்தவரை அது காரணம் எழுதுவது அல்ல, அடுத்த கட்டத்துக்குப் போவது.

வருஷக் கடைசியில் மேலே இருப்பவர்கள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அறிக்கை போடுவார்கள். வருஷா வருஷம் அதே செய்திதான்: செத்த நூறு பேரில் அறுபத்தொரு பேர் அதிவேகத்தால் செத்தவர்கள். சில வருஷம் அறுபது, சில வருஷம் அறுபத்திரண்டு. அதைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்துப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் டிப்போ என்று ஒரு சுவர் விடாமல் ஒட்டினார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் தம்பி பஸ் டிரைவர். அவனுடைய டிப்போ வாசலில் முதன்முதலாக அந்தப் போஸ்டர் ஒட்டிய அன்றே போய் நின்றுகொண்டு, “இது நான் போட்ட கணக்குடா” என்றாள். அவன் அவளைப் போஸ்டருக்குப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தான். கூட வேலை பார்க்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, “எங்க அக்கா கணக்கு. எங்க அக்கா கணக்கு தப்பாது” என்று தம்பட்டம் அடித்தான்.

அப்புறம் பதினாறு மாதத்துக்கு முன்னால், அடைமழை பெய்த ஒரு விடிகாலையில், மரக்கடை வளைவில் ஒரு சைக்கிள்காரர் அவன் பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போனார்.

சாட்சி யாரும் இல்லை. மழையில் தெருவே காலி. பஸ்ஸில் இருந்த நாலு பேரும் பின் சீட்டில் கண்ணாடியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்கு நிற்காது என்று போலீஸ் விட்டுவிட்டது. டிப்போ விடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, பஸ் கழுவுகிற இடத்துக்கு அவனை அனுப்பியது. விபத்து நடந்த அன்று சாயங்காலம் நனைந்த சட்டையோடு வந்து அக்கா முன்னால் உட்கார்ந்தவன் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னான்.

“முப்பதுலதான்க்கா வந்தேன். ஸ்பீடு முள்ளைப் பார்த்தேன். முப்பதுதான்.”

“நிஜமாவா?” என்றாள் அவள்.

“நிஜமாக்கா.”

தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். மனசுக்குள் மட்டும் நூற்றுக்கு அறுபத்தொன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. தம்பி சொல்வது ஒரு பக்கம், இத்தனை வருஷக் கணக்கு ஒரு பக்கம். சொந்தத் தம்பியாகவே இருந்தாலும் அவன் ஒரு ஆள்தானே. அவள் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்: அவள், தம்பி, தம்பி மனைவி. கொஞ்ச நாளில் தம்பி முப்பது என்று சொல்வதை விட்டுவிட்டான். அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொண்டான். “அண்ணி, தூக்கத்துல வலது காலை அழுத்தி அழுத்தி மிதிக்கிறாரு. பிரேக்குன்னு நெனச்சு என் காலைத்தான் மிதிக்கிறாரு” என்று தம்பி மனைவி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள்.

பதினாறு மாதம் இப்படியே போய், ஒரு திங்கட்கிழமை. வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தம்பி மனைவி ஒரு கடிதத்தை நீட்டினாள். டிப்போவிலிருந்து வந்தது. வியாழக்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. தம்பிக்கு மறுபடி பஸ் கொடுப்பதா, இல்லை கழுவுகிற வேலையே நிரந்தரமா என்று அன்றைக்கு முடிவாகும். கடிதத்தோடு ஒரு தாள் இணைப்பு. அவள் அலுவலகத்துத் தாள்தான். அவரவர் வண்டிகள் சம்பந்தப்பட்ட சாவுகளின் விவரத்தை டிப்போக்களுக்கு வருஷம் ஒருமுறை அனுப்புவார்கள்.

அதில் தேதி இருந்தது. மரக்கடை வளைவு இருந்தது. காரணம் 1 என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில், பதிவு செய்தவர் 07.

ஏழு அவள்தான்.

தம்பியின் படிவம் தன் கையில் வந்திருக்கிறது, தன் கண் அதன்மேல் ஓடியிருக்கிறது, தன் விரல் அந்த ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறது. அவளுக்கு ஒரு துளி ஞாபகம் இல்லை. விபத்து நடந்த புதிதில் ஒவ்வொரு படிவக் கட்டைப் பிரிக்கும்போதும் மரக்கடை வளைவைத் தேடியது நிஜம். ஆனால் காவல் நிலையப் படிவங்கள் ஏழெட்டு மாதம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் தேடுவது நின்றுவிட்டது, மரக்கடை வளைவு என்ற எழுத்து மற்றத் தெருக்கள் மாதிரியே ஓடிப் போய்விட்டது. காவலர் ஒன்று என்று எழுதி, அதைப் பார்த்து அவள் பதிந்தாளா? இல்லை காலியாக இருந்து என்டரைத் தட்டினாளா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உங்க ஆபீஸ் பேப்பர்தானே. எல்லாம் ஆச்சுக்கா, விடு” என்றான்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் ஆவண அறைக்குப் போனாள். அறைக்குப் பொறுப்பானவர் வருஷம் பூராவும் ஜலதோஷத்தோடு இருக்கிற மனிதர். “காரணக்கா இங்க எதுக்கு வந்தீங்க? கம்ப்யூட்டர்ல ஏத்தினதுக்கு அப்புறம் பேப்பரை யாருமே தேடி வந்ததில்லையே” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏணியில் ஏறினார். மூன்றாவது கட்டில் அந்தப் படிவம் கிடைத்தது.

பதினாலாம் கட்டம் வெள்ளையாக இருந்தது.

கடைசிக் கட்டத்தில் மட்டும் காவலர் கிறுக்கியிருந்தார்: ஓட்டுநர் கூற்று, வேகம் முப்பது. பலத்த மழை. வளைவில் பெரிய குழி, தண்ணீர் நிரம்பியிருந்தது. தெருவிளக்கு எரியவில்லை. சைக்கிளில் பிரேக் இல்லை. சாட்சி இல்லை. அவ்வளவுதான். அவள் சுவரோரம் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். குழி என்றால் பதினொன்று. விளக்கு என்றால் ஒன்பது. பிரேக் என்றால் பதினேழு. ஒவ்வொன்றும் பொருந்தியது. எதுவும் இதுதான் என்று நிற்கவில்லை. வேகமும்கூடப் பொருந்தத்தான் செய்தது, அதுதான் கொடுமை. அங்கே வேகம் இல்லை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தம்பி சொன்னதாகத்தான் எழுதியிருந்தது.

நின்ற இடத்திலேயே அந்தக் கட்டு முழுவதையும் எண்ணினாள். ஐம்பது படிவம். ஐந்தில் காவலர் கைப்பட ஒன்று என்று எழுதியிருந்தார். இருபத்தாறில் கட்டம் காலி. ஐந்தும் இருபத்தாறும் முப்பத்தொன்று. ஐம்பதுக்கு முப்பத்தொன்று என்றால் நூற்றுக்கு அறுபத்திரண்டு.

“என்னக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? தூசி ஒத்துக்கலையா?” என்றார் ஜலதோஷக்காரர்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவளால் தெருவைக் கடக்க முடியவில்லை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே முடியவில்லை. இத்தனை வருஷமும் வேகமாக வருகிற வண்டியைப் பார்த்துப் பயந்து, மெதுவாக வருவதன் முன்னால் கையைக் காட்டிவிட்டுத் தைரியமாகப் போய்க்கொண்டிருந்தவள் அவள். இப்போது எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியவில்லை. வேகமாக ஒரு கார் போனது, பயந்தாள். மெதுவாக ஒரு லாரி வந்தது, அதற்கும் பயந்தாள். தேங்கின தண்ணீர், எரியாத விளக்கு, செல்போனில் பேசிக்கொண்டு போகிறவன், எதைப் பார்த்தாலும் இதுவாக இருக்குமோ என்று இருந்தது. மனுஷர்கள் எதனால் சாகிறார்கள் என்பதை இந்த ஊரில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஆள் அவள்தான், அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு நாய் நிதானமாகக் கடந்தது. அதன் பின்னாலேயே அவளும் கடந்தாள்.

புதன்கிழமை காலையில் படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு சூப்பிரண்டின் முன்னால் போய் நின்றாள். ஒன்றை அழித்துத் தொண்ணூற்றொன்பது போட வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றாள். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிற மனிதர், அவ்வளவுதான்.

“பதிஞ்சு முடிச்சதை எதுக்கும்மா கிளறுறீங்க?”

“கட்டம் காலியா இருக்கு ஐயா. நான்தான் என்டரைத் தட்டியிருக்கேன்.”

“எல்லாரும்தான் தட்டுறோம்.”

“அது என் தம்பி ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம், “வேகமாத்தாம்மா வந்திருப்பான். நிதானமா வந்தா எதுக்கு ஒருத்தன் சாகப் போறான்?” என்றார், சமாதானம் சொல்கிற குரலில்.

“அப்படின்னா மிச்சம் இருபத்தோரு காரணத்தை எதுக்கு ஐயா வச்சிருக்கோம்?”

“இதை மாத்தினா, மத்ததை என்ன பண்றதுன்னு கேப்பாங்களே?”

“அதைத்தான் நானும் கேக்குறேன் ஐயா. பத்தொன்பது வருஷம். எதுல நான் தட்டினேன், எதுல அவங்க எழுதினாங்கன்னு எனக்கே தெரியல. அந்தப் போஸ்டரைப் பார்த்து எத்தனை பேர் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருப்பாங்க? நானே பட்டேன்.”

“போதும்மா. எனக்குத் தலை சுத்துது” என்று அவர் பேனாவை எடுத்தார். “இந்த ஒண்ணுக்கு மட்டும் போடுறேன். இன்னொண்ணோட வந்து நிக்காதீங்க.”

ஐந்து வரி எழுத வேண்டிய இடத்தில் அவள் பதினோரு வரி எழுதினாள். மத்தியானத்துக்குள் புதுத் தாள் கைக்கு வந்துவிட்டது. காரணம் 99, தெரியவில்லை. அதை மடிக்காமல், கசங்காமல், கைப்பைக்குள் அட்டை வைத்து எடுத்துக்கொண்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு கட்டத்தையாவது ஒழுங்காக நிரப்பினோம் என்று அவளுக்கு லேசாகச் சந்தோஷம்கூட இருந்தது.

தம்பி அன்றைக்குக் காலை ஷிப்ட் முடிந்து சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவன் விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கர்சர் ஒன்றில் நிற்பது, என்டரைத் தட்டுவது, ஏழு என்பது தான்தான் என்பது, அன்றைக்கு அவனை நம்பாமல் போனது. எதையும் மிச்சம் வைக்கவில்லை.

“அப்போ உங்க ஆளுங்க யாரும் கண்டுபிடிச்சு எழுதலையா? அளந்து கிளந்து பார்த்து?” என்றான் தம்பி.

“இல்லடா. ஒருத்தரும் பார்க்கல. கட்டம் வெறுமனே இருந்துச்சு.”

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். புதுத் தாளைத் தொடவில்லை.

“நான் போன வாரமே எழுதிக் கொடுத்துட்டேனே அக்கா.”

“எதை?”

“வேகமா வந்தேன்னு. குழுவுக்கு. கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு. உண்மையை ஒத்துக்கிட்டா ஆறு மாசத்துல பஸ் கொடுத்தாலும் கொடுப்பாங்கன்னு சொன்னாங்க. அதுக்காக மட்டும் இல்ல. எனக்கே அப்படித்தான் தோணிடுச்சு.” அவன் மேசையில் விரலால் அரை வட்டம் ஒன்று வரைந்தான். “அன்னைக்கு முள்ளு முப்பதுலதான் இருந்துச்சு. கண்ணால பார்த்தேன். கொஞ்ச நாள் கழிச்சு நாற்பதா இருக்குமோன்னு வந்துச்சு. போன வாரம் டிப்போவுல உங்க ஆபீஸ் பேப்பரைக் காட்டினதுக்கு அப்புறம், கண்ணை மூடினா அறுபதுலதான் நிக்குது. அடிச்சு வச்ச மாதிரி நிக்குது. அக்கா ஆபீஸ் கணக்கு தப்பா இருக்காது, நம்ம கண்ணுதான் தப்பா இருக்கும்னு நெனச்சேன்.”

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள். “அப்ப என்னங்க, நீங்க வேகமா வந்தீங்களா வரலையா?” என்றாள்.

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்” என்றான் அவன்.

காரணக்கா புதுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் முப்பது என்று சொன்ன அன்றைக்கு, ஆமாண்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த முள் அங்கேயே நின்றிருக்கும். அழுதால் அவன்தான் தேற்ற வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை அவனோடு டிப்போவுக்குப் போனாள். வாசலில் அதே போஸ்டர், புது வருஷத்துக்காகப் புதிதாக ஒட்டியிருந்தது. விசாரணைக் குழு என்றால் மூன்று பேர், ஒரு நீள மேசை, ஒரு மின்விசிறி. அவள் தொண்ணூற்றொன்பது போட்ட தாளை நீட்டினாள். யாரும் கேட்காமலே எழுந்து நின்று, முதல் தாளில் இருந்த ‘காரணம் 1’ தன் விரல் தட்டியது என்றும், கட்டம் காலியாக இருந்தது என்றும் சொன்னாள். தலைவராக இருந்தவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தம்பி எழுதிக் கொடுத்ததையும் எடுத்து நடுவில் வைத்தார்.

“அம்மா, உங்க ஆபீஸுக்குத் தெரியலைங்கிறது உங்க ஆபீஸ் விஷயம். இங்க இவரே வேகமா வந்தேன்னு கைப்பட எழுதியிருக்காரு. நாங்க எதை எடுத்துக்குறது?” என்றவர் தம்பியிடம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க. என்ன வேகத்துல வந்தீங்க?”

தம்பி வாயைத் திறந்தான். அவள் மனசுக்குள் சொல்லுடா, சொல்லுடா என்று கெஞ்சினாள்.

“தெரியலங்க” என்றான் அவன்.

அந்தக் குழுவிடம் தெரியவில்லை என்பதற்குக் கட்டமே இல்லை. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பயணிகள் வண்டி இனிமேல் கிடையாது, கழுவுகிற வேலை நிரந்தரம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின் சீட்டுதான் கிடைத்தது. டிரைவர் தம்பிக்குத் தெரிந்தவர். கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டினார். தம்பி முன்பக்கம் சாய்ந்து, டிரைவரின் தோளுக்கு மேலாக முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“எவ்வளவுல போகுதுடா?” என்றாள் அவள், எதையாவது பேச வேண்டுமே என்று.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

“தெரியலக்கா. நீ பார்த்துச் சொல்லு.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“முப்பதுடா.”

“நிஜமாவா?” என்றான் தம்பி.

“நிஜமா. முப்பதுதான்.”

அவன் நம்பினானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, இறங்க வேண்டிய இடம் வரைக்கும், இருபத்தெட்டு, முப்பது, இருபத்தைந்து என்று முள்ளைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.